மூடிப்போன மதுக்கடைக்கு வந்த பூட்டு

என் அருமைப் பேரன் கோர்மக்குக்குப் பாட்டி டீலியா எழுதுவது. கடவுளும் மாதாவும் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இங்கே நான் நலம், கோழிகள் நலம், மழை மிகமிக நலம்.

நீ டப்ளினிலிருந்து அனுப்பிய பூட்டு வந்து சேர்ந்தது. வங்கிக்குப் போக வேண்டியது வழி தவறி வந்துவிட்டதோ என்று தபால்காரரே சந்தேகப்பட்டார். போன ஞாயிறு நீ இங்கே இருந்தபோது யாரோ ஒரு மனிதர் தன் பாட்டுக்கு உள்ளே வந்து அடுப்பருகே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றியதில் உனக்கு வந்த கோபம் நியாயமானதுதான். "ஒண்ணு கதவுக்குப் பூட்டு, இல்லேன்னா டப்ளின்ல என்கூட அஞ்சாவது மாடி. முடிவு பண்ணுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ போனதும் அவர் என்னிடம், "யாருங்க அந்தத் தம்பி, வெளியூரா?" என்று கேட்டார். பேரன் இன்ஜினியர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, கதவு என்பது மூடுவதற்கான சாமான் என்று இப்போதுதான் விளங்குகிறது.

தப்பெல்லாம் என் அப்பாவுடையது. மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து கோட்டில் அதற்கான சின்னத்தைக் குத்திக்கொண்ட மனிதர், குடும்பத்தோடு குடியேற வேறு இடமே இல்லாததுபோல, மூடிப்போன இந்த மதுக்கடையை வாங்கினார். கூரை ஒழுகாதாம். அம்மா தன் பங்குக்கு, பீர்க் குழாய் இருந்த பலகைமேல் திருஇருதய ஆண்டவர் படத்தை வைத்து, முன்னால் சிவப்பு விளக்கை ஏற்றினாள். பக்திதான். ஆனால் அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாலையில் விழுந்ததும், கடை மறுபடி திறந்துவிட்டது என்று சுற்றுவட்டார ஆண்கள் அத்தனை பேருக்கும் தேவ அழைப்பு வந்துவிட்டது. ஈரக் கோட்டோடு வந்து வரிசையாக உட்காருவார்கள். வாசல் தாண்டி வந்தவரை எழுந்து போகச் சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. வீடு என்று தெரிந்த பிறகு சட்டென்று எழுந்து போக அவர்களுக்கும் மனசு வராது. "டீ குடிங்க." "வேண்டாங்க, எதுக்குச் சிரமம்." "தண்ணி கொதிச்சாச்சு." "அப்ப அரை கப் போதும்." அந்த அரை கப்புக்கு ஒரு முழு ரொட்டி காலியாகும். பிள்ளைகள் நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து, எங்கள் ரொட்டி போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அதிலே ஒருத்தன் மகா கில்லாடி. ஞாயிறு மத்தியானம் நேராகச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து, பன்றிக்கறியும் முட்டைக்கோசும் இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றான். அவன் போனதும் அப்பா, "உன் சித்தப்பா பையனுக்கு நல்ல பசி" என்றார். அம்மா, "என் சித்தப்பா பையனா? உங்க சொந்தம்னுல்ல பெரிய துண்டா வெட்டி வெச்சேன்" என்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறும் வந்தான். தொப்பியை மறந்து வைத்துவிட்டானாம். தொப்பி தலையில் இருந்தது. "தம்பி, நீ யாருப்பா?" என்று அப்பா கேட்டே விட்டார். "என் பேரு மாலக்கிங்க. ஒரு பீர் குடிக்கலாம்னு வந்தேன், இப்ப நெனப்பு வேற எங்கயோ போயிருச்சு."

அவர்தான் உன் தாத்தா. கடைசிவரைக்கும் இந்த வீட்டில் அவருக்கு ஒரு பீர் கிடைக்கவில்லை, பாவம். அன்றைக்கே ஒரு நல்ல பூட்டு இருந்திருந்தால் எவ்வளவு ரொட்டி மிஞ்சியிருக்கும். தின்னத்தான் நீ இருந்திருக்க மாட்டாய்.

படித்தவன் பேச்சைத் தட்டலாமா? பூட்டை மாட்டிவிட்டேன், கண்ணு. இனி ஐந்தாவது மாடிப் பேச்சை எடுக்காதே. புனித பிரிஜித் உன்னையும், நீ ஏறி இறங்கும் லிஃப்டையும் காப்பாற்றட்டும்.

உன் பாட்டி,
டீலியா

பின்குறிப்பு: மாட்டியது கோழிக்கூண்டில். நரி உட்கார்ந்து டீ குடிக்கிற ஜாதி இல்லை, அதற்குப் பூட்டுத்தான் சரி. நீ வரும்போது வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்காதே. தள்ளு, திறக்கும்.