பியானோவைத் தாங்கும் வண்டி

"என் பியானோவைத் தாங்குற வண்டி ஒண்ணு வாசல்ல வந்து நிக்கட்டும், மாப்ளே. அன்னைக்கே நான் கிளம்புறேன்."

"சொன்ன சொல்லு மாறக் கூடாது, அத்தை."

"நான் மாற மாட்டேன். நீங்க முதல்ல வண்டியைக் காட்டுங்க."

ஈஸ்டர் விருந்தில் உருளைக்கிழங்குத் தட்டுக்கு மேலே நடந்த இந்தப் பேச்சை டெல்பர்ட் ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்திருந்தான். இப்போது செப்டம்பர் பிறந்துவிட்டது. அவன் கொட்டகைக்குள் தன் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி, இதற்குள் இனி எந்த வழியாகப் பெட்ரோல் ஊற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

மாமியார் ஜெர்டா இடுப்பு ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் தங்க வந்தவள். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அரிசோனாவில் இருக்கும் அவளுடைய தங்கை, குளிரே இல்லாத ஊரில் ஓர் அறை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அக்டோபர் முதல் தேதிக்குள் அக்கா வராவிட்டால் அறையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவாளாம். பியானோ இல்லாமல் அக்கா வர மாட்டாளாம். ஆக, டெல்பர்ட்டின் விடுதலை ஒரு வண்டியில் தொங்கியது.

அந்த வண்டிக்கு வயது நாற்பத்தொன்று. பின்பக்கப் பெட்டி துருப்பிடித்து, ஒரு கோழி உள்ளே போய் வெளியே வரலாம் என்கிற அளவுக்கு ஓட்டை. வடக்கு டகோட்டாவில் வேறு யாராக இருந்தாலும் டவுனுக்குப் போய் ஒரு வாடகை வண்டி எடுத்திருப்பார்கள். டெல்பர்ட்டோ, "வெல்டிங் மெஷினை வீட்ல வெச்சுக்கிட்டு வாடகை வண்டியா?" என்று கேட்கும் ரகம். அந்த மெஷினால் அவன் அதுவரை செய்த ஒரே பொருள் தபால்பெட்டிக் கம்பம். அது இன்றைக்கும் யாரையோ வணங்குவதுபோலச் சாய்ந்து நிற்கிறது.

அவன் துருப்பெட்டியைக் கழற்றி எறிந்தான். இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் ஓக் பலகைகளை வரிசையாகப் போல்ட் போட்டு முறுக்கினான். அழகான தட்டைத் தளம். கடைசிப் பலகையை முறுக்கிய பிறகுதான், பெட்ரோல் ஊற்றும் வாய் அந்தப் பழைய பெட்டியின் பக்கவாட்டில் இருந்தது ஞாபகம் வந்தது. இப்போது அது பலகைக்கு அடியில் எங்கோ இருட்டில் கிடந்தது.

"மேவிஸ்! டார்ச்!"

அவன் மனைவி மேவிஸ் டார்ச்சைப் பிடித்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்தவள், மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"டெல்பர்ட், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"இல்ல, பரவாயில்ல. நீ வேலையைப் பாரு."

"சரி. டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கம் பிடி."

அந்தப் பக்கத்து மனிதர்கள் எதையும் சட்டென்று கேட்டுவிட மாட்டார்கள். காப்பி வேண்டுமா என்றால் இரண்டு தடவை வேண்டாம் என்பார்கள், மூன்றாவது தடவைதான் கோப்பையை நீட்டுவார்கள். மனதில் இருப்பதும் அப்படித்தான், மூன்று தடவை விசாரித்தால்தான் வெளியே வரும். இருபத்தாறு வருட இல்லறத்தில் டெல்பர்ட் எதையும் இரண்டாவது தடவை விசாரித்ததில்லை. இந்த விஷயத்திலோ முதல் தடவையே அவனுக்குப் பயம். 'அம்மா இங்கேயே இருக்கட்டுமே' என்றுதான் கேட்கப் போகிறாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அவன் வெளியே போனபோதெல்லாம் தாயும் மகளும் பியானோவுக்கு முன் உட்கார்ந்து பாடிச் சிரிப்பார்கள். அவன் பூட்ஸ் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார்கள். அதைத் தனக்குக் காட்டும் மரியாதை என்று அவன் நினைத்திருந்தான்.

பலகையில் அவன் ஓர் ஓட்டை அறுத்தான். மேலிருந்து ஊற்றினால் பெட்ரோல் உள்ளே போனது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றபோது ஜெர்டா கைத்தடியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாப்ளே, பியானோ எங்கே நிக்கும்?"

"இங்கதான் அத்தை, கேபினை ஒட்டி."

"அந்த ஓட்டை மேலயா?"

டெல்பர்ட் ஓட்டையைப் பார்த்தான்.

"அரிசோனா ஆயிரத்து ஐநூறு மைல். ஒவ்வொரு பங்க்லயும் பியானோவை இறக்கி வெச்சு, நான் ஒரு பாட்டு வாசிச்சிட்டு, திரும்ப ஏத்துவோமா?"

"பின்னாடி தள்ளி வெச்சுக்கலாம்!"

பின்னால் தள்ளி வைத்தால் தாங்குமா என்று பார்க்க, இருபது விதைமூட்டைகளை வால்பக்கம் அடுக்கி ஒரு சுற்று ஓட்டினான். அரை மைலில் புகை. பலகை இறங்கி டயர்மேல் உட்கார்ந்துவிட்டது. பக்கத்துப் பண்ணை வென்டல் தன் டிராக்டரை நிறுத்திவிட்டு வேலிமேல் சாய்ந்தான்.

"என்ன டெல்பர்ட், அடுப்பா?"

"சோதனை ஓட்டம்."

"நல்லா எரியுது. தேர்ச்சிதான்."

டெல்பர்ட் தளத்தை முழுதாகத் தூக்கி, அடியில் ஆறு அங்குல மரக்கட்டைகளைக் கொடுத்தான். டயர் தப்பியது. பியானோ முன்னால் நகர்ந்து வந்து கேபினை நொறுக்கிவிடக் கூடாதே என்று, கேபினுக்குப் பின்னால் ஆளுயர இரும்புச் சட்டம் ஒன்றை நிறுத்தி, சாகும்வரை பிரியாதபடி வெல்டிங் வைத்தான். ஏணியில் நின்று கறுப்புச் சாயமும் பூசினான். மூன்று நாள் உலர்ந்ததும் வண்டியைக் கிளப்பினான்.

கொட்டகை வாசலைவிடச் சட்டம் நான்கு அங்குலம் உயரம்.

"வண்டியை உள்ள வெச்சே கட்டிட்டீங்களா, மாப்ளே?" என்றாள் ஜெர்டா. "பரவாயில்ல. எனக்குப் பியானோவை இங்கேயே கொண்டுவந்து குடுத்துடுங்க. நான் கொட்டகைலயே இருந்துக்கறேன்."

டயர்களில் காற்றை இறக்கினான். இரண்டு அங்குலம் குறைந்தது. மிச்சம் இரண்டு அங்குலத்துக்குப் பாரம் வேண்டும். அன்றைக்குத் தேவாலயப் பெண்கள் ஜெர்டாவுக்கு அந்த வீட்டிலேயே வழியனுப்பு விருந்து வைத்திருந்தார்கள். ஒன்பது பேர், ஒவ்வொருத்தியும் வெண்ணெயில் வளர்ந்தவள். டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி, கெஞ்சி, அத்தனை பேரையும் தளத்தில் ஏற்றினான். ஸ்பிரிங் முனகியது. சட்டம் வாசல் உத்தரத்துக்கு ஒரு மயிரிழை கீழே இறங்கியது.

"யாரும் அசையாதீங்க!"

அங்குலம் அங்குலமாக வண்டி நகர்ந்தது. சட்டம் சரியாக உத்தரத்துக்கு அடியில் வந்த நேரத்தில் சமையலறை ஜன்னலிலிருந்து ஜெர்டாவின் குரல் வந்தது.

"காப்பி தயார்! எலுமிச்சை கேக்கும் இருக்கு!"

முதல் தடவை யாரும் அசையவில்லை, மரியாதை. இரண்டாவது தடவையும் அசையவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டதும் ஒன்பது பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். வண்டி பெருமூச்சு விட்டு எழுந்தது. சட்டம் உத்தரத்தைப் படீரென்று மேலே தூக்கியது. கொட்டகையின் தள்ளுகதவு தன் தண்டவாளத்தை விட்டு விழுந்தது. வண்டி பாதி உள்ளே, பாதி வெளியே, நடுவில் இறுகிக்கொண்டது.

வென்டல் வந்து தலையைச் சொறிந்தான். "சட்டத்தை அறுத்துடு."

"அது என் வெல்டிங்! ஒரு வருஷம் ஆனாலும் அறுபடாது!"

"தபால்பெட்டிக் கம்பத்தைப் பாத்தேனே."

டெல்பர்ட் சட்டத்தை அறுக்கவில்லை. கொட்டகையை அறுத்தான். உத்தரமும் முன்சுவரில் பாதியும் போயின. இனி அந்தக் கொட்டகைக்குக் கதவு கிடையாது, குளிர்காலத்தில் பனி நேராக உள்ளே வந்து தங்கும். ஆனால் வண்டி வெளியே நின்றது. அவனுக்கு அது போதும்.

அன்று சாயங்காலம் உடைந்த பலகைகளைப் பொறுக்கி அடுக்கியபடி மேவிஸ் மறுபடி ஆரம்பித்தாள். "டெல்பர்ட், போறதுக்கு முன்னாடி ஒண்ணு..."

"அப்புறம், அப்புறம். சனிக்கிழமை ஏத்தணும்."

சனிக்கிழமை ஆறு பேர் பியானோவைத் தூக்கி வந்தார்கள். மரக்கட்டை கொடுத்து உயர்த்திய தளம் அவர்கள் நெஞ்சு மட்டத்தில் நின்றது. கடைசியில் வண்டியைச் சாலையோரப் பள்ளத்துக்குள் பின்னால் இறக்கி, தரையும் தளமும் சமமானதும் பியானோவை உருட்டி ஏற்றினார்கள். பிறகு வண்டியை மேலே இழுக்க வென்டலின் டிராக்டர் வேண்டியிருந்தது. பியானோ வால்பக்கம் அமுக்கியதில் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

"முன்சக்கரம் தரையில இருக்கா?" என்று ஜெர்டா விசாரித்தாள்.

"லேசா தொடுது, அத்தை."

"அப்ப நான் முன்னாடி ஏறினா சரியாகிடும்." ஏறி, கோட்டை இழுத்து மூடி, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். வண்டி சரியாகிவிட்டது.

டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கியது. ஒன்பது வருடம்! வண்டி வாசலில், பியானோ வண்டியில், மாமியார் கேபினில். சொன்னதைச் செய்து காட்டிவிட்டான். வெற்றி பெற்றவனுக்கு வரும் தாராளம் அவனுக்கும் வந்தது. இனி மேவிஸ் என்ன கெஞ்சினாலும் ஆபத்தில்லை. பாவம், ஆறுதலாக நாலு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். தோளில் கை வைத்தான்.

"என்னமோ கேக்கணும்னியே, மேவிஸ். என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சும்மா சொல்லு."

"பரவாயில்ல, டெல்பர்ட். உனக்கு நேரமாச்சு."

வாழ்க்கையில் முதல்முறையாக அவன் மூன்றாவது தடவையும் விசாரித்தான். "அட, என்ன வேணும்னு கேளேன். இன்னைக்கு எதுக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

மேவிஸ் வண்டியை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே ஜெர்டா நகர்ந்து, ஜன்னலோரம் ஓர் ஆள் இடம் விட்டாள்.

"அம்மாவைக் கொண்டுபோய் விடுற இடத்துலயே என்னையும் விட்டுட்டு வந்துடறியா?"