ஆபீசரின் அப்பா

கடிதம் மூன்றாவது நாளாக அவருடைய பனியனுக்குள் இருந்தது. அதோடு சேர்த்துத்தான் அன்றைக்கு நூற்றிருபது சிமெண்டு மூட்டைகளை லாரியிலிருந்து கிடங்குக்குள் இறக்கினார்.

ஒளித்து வைக்க வேறு இடமில்லை. வீடு என்பது ஒன்றரை அறை. அதில் மனைவியின் கை படாத மூலை கிடையாது. கிடங்கில் வைக்கலாம் என்றால், அங்கே ஒருவனுக்குத் தீப்பெட்டி வேண்டுமென்றால் ஒன்பது பேர் சட்டையைத் துழாவுவார்கள்.

திங்கட்கிழமை தபால்காரர் தெருமுனையிலேயே அவரைப் பிடித்து உறையைக் கையில் கொடுத்தார். மேலே ராணுவ அகாடமி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே மகன் பெயர். மகன் வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் ஆறு மாதமாகக் காத்திருந்த கடிதம். பிரித்துவிட்டார்.

அவர் எழுத்துக் கூட்டக் கற்றதே நாற்பத்து மூன்று வயதில். சங்கக் கட்டடத்து மாடியில், வேலை முடிந்தபின் தினம் முக்கால் மணி நேரம். அதுவரை படித்ததெல்லாம் கடைப்பலகையும் மூட்டையில் அச்சடித்த எடையும்தான். குழாயடியில் உட்கார்ந்து படித்தார். யார் உதவியும் இல்லாமல் கடைசி எழுத்துவரை அவர் படித்து முடித்த முதல் கடிதம் அது.

‘தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் தேர்வு பெறவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். மனம் தளர வேண்டாம். தொழில்நுட்பத் துறையில் இளைஞர்களுக்கு நல்ல எதிர்காலம் உள்ளது. பெற்றோரும் இதைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொள்வார்கள் என நம்புகிறோம்.’

பெருந்தன்மை என்ற சொல்லுக்கு மட்டும் கால் மணி நேரம் ஆனது. முடித்ததும், நாற்பத்து மூன்று வயதில் அந்த மாடிப்படி ஏறாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

மகனிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அவன் தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடுகிறான். திரும்பி வந்து தண்டால் எடுக்கிறான். மாலையில் அப்பா வாசலில் கால் வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, “கடுதாசி ஏதாவது வந்துச்சாப்பா?”

திங்கட்கிழமையும் கேட்டான்.

“வரலைடா. வரும். பட்டாளம்னா சும்மாவா? நிதானமாத்தான் அனுப்புவாங்க.”

மகன் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டான். பாவம், எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொரு சிக்கல் கிடங்கில் இருந்தது. மகன் விண்ணப்பத்தை நிரப்பி, தானே தபாலில் சேர்த்துவிட்டு வந்த வாரம், ஒரு லாரி டிரைவர் “பையன் என்ன பண்றான்?” என்று கேட்டார். “பட்டாளத்துல ஆபீசர்” என்றார் இவர். ‘ஆகப் போறான்’ என்று சேர்க்கத்தான் நினைத்தார். தலையில் மூட்டை இருந்தது, மூச்சு போதவில்லை. இறக்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கிடங்கு முழுவதும் பரவிவிட்டது. அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் ‘ஆபீசர் அப்பா’. எடை போடுகிறவர்கூட அவருக்கு மட்டும் சல்யூட் அடித்துவிட்டுத்தான் எடை சொல்வார்.

இதெல்லாம் போகட்டும். அவமானம் அவருக்குப் பழக்கம்தான். அவசரம் வேறு. மகனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த வாரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். விட்டால் அடுத்த ஆள். மகன் அதைச் சொன்னபோது இவர்தான் குதித்தார். “பட்டாளத்துக்குப் போறவன் அடுத்தவன் மாடிக்குப் பொட்டி ஏத்தி இறக்கப் போறானாக்கும்!”

இப்போது அந்தப் பெட்டிதான் கதி. கடிதத்தைக் காட்டாமல் பையனை அதற்குள் ஏற்ற வேண்டும்.

புதன்கிழமை மாலை ஆரம்பித்தார்.

“ஏண்டா, இந்த லிஃப்ட் வேலை ஒண்ணும் அவ்வளவு மோசமில்லை போலிருக்கே?”

தண்டால் எடுத்துக்கொண்டிருந்த மகன் அந்தரத்தில் அப்படியே நின்றான். “ஏம்பா திடீர்னு?”

“சும்மாதான். இன்னைக்கு ஒரு கட்டடத்துல பார்த்தேன். பத்து மாடி. பொத்தானை அமுக்கினா ஏறுது.”

“அதுக்குத்தான்பா லிஃப்டு.” மகன் எழுந்து கிட்டத்தில் வந்தான். அவன் கண் பளபளத்தது. “அப்பா, நிஜமா சொல்லுங்க. கடுதாசி ஏதாவது வந்துச்சா?”

கண்டுபிடித்துவிட்டான். பையன் அழுதுவிடுவான். பதறிப்போய்க் கத்திவிட்டார்.

“வரலைன்னு சொன்னேன்ல! அந்தப் பேச்சே வேண்டாம். நீ பட்டாளத்துக்குத்தான் போற! லிஃப்டு கிஃப்டுன்னு இனிமே வாயைத் திறந்தே, தெரியும் சேதி!”

“நீங்கதானேப்பா ஆரம்பிச்சீங்க?”

“ஆரம்பிப்பேன். நீ தொடரக்கூடாது.”

மகன் மறுபடி குப்புறப் படுத்துத் தண்டால் எடுக்க ஆரம்பித்தான். வழக்கத்தைவிட இருபது கூடுதலாக எடுத்தான். ஒவ்வொன்றுக்கும் முனகினான்.

நேராகப் போனால் நடக்காது என்று தெரிந்துவிட்டது. பையனுக்கே பட்டாளம் கசக்க வேண்டும். அதற்கு ஆள் இருந்தார். வங்கி வாசலில் காவல் இருக்கும் மீசைக்காரர், பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர்.

“வந்து பையனைப் பயமுறுத்தணும்” என்றார் இவர்.

“எவ்வளவு?”

“போகவே மாட்டேன்னு சொல்ற அளவுக்கு.”

“விடு. நான் பட்டதைச் சொன்னாலே போதும்.”

ஞாயிற்றுக்கிழமை மீசைக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நன்றாகத்தான் தொடங்கினார். “தம்பி, அங்கே குளிர்ல காது உதிர்ந்துடும்” என்றார். மகன் ஆர்வமாக நெருங்கி உட்கார்ந்தான். “அப்புறம்?” என்றான். இவ்வளவு வருடத்தில் அந்த மனிதரைப் பார்த்து யாரும் ‘அப்புறம்’ என்று கேட்டதில்லை. மீசை துடித்தது. குளிரிலிருந்து மலைக்குப் போனார், மலையிலிருந்து கொடிக்குப் போனார், கொடியிலிருந்து செத்துப்போன சிநேகிதனுக்கு. கடைசியில் விறைப்பாக எழுந்து நின்று அழுதார். அடுக்களையில் இவர் மனைவியும் அழுதாள்.

“நான் அவ்வளவு கஷ்டமெல்லாம் தாங்குவேனான்னு தெரியலைங்க ஐயா” என்றான் மகன் தாழ்ந்த குரலில்.

“தாங்க வைக்கிறேன்! நாளையிலேருந்து நானே வர்றேன். முதுகுல செங்கல் கட்டி ஓட வைக்கிறேன்.”

வாசலுக்கு வந்ததும் இவர் அவர் கையைப் பிடித்தார். “என்னய்யா பண்ணிட்டுப் போற?”

“பயமுறுத்தினேனே. நான் என்ன செய்ய, உன் பையன் சிங்கம்!”

மறுநாளிலிருந்து சிங்கம் முதுகில் எட்டுச் செங்கல்லோடு ஓடியது. பின்னால் சைக்கிளில் மீசைக்காரர் விசில் ஊதிக்கொண்டே போனார். தெருவில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

புதன்கிழமை இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதாவது, பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். முப்பது வருடம் மூட்டை தூக்கிய முதுகு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அப்பாவால் இனி முடியாது, உள்ளூரிலேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டு நான் கூட இருக்கிறேன் என்று பையன் தானாகவே சொல்வான். இதுதான் கணக்கு. பாயில் படுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, “அம்மாடி” என்றார்.

மகன் சொன்னான். அதே வார்த்தை, ஒன்றுகூடப் பிசகவில்லை. “அப்பாவை இப்படி விட்டுட்டு நான் எங்கேயும் போகலைம்மா. லிஃப்ட் கம்பெனி இங்கேதானே இருக்கு, அதுலயே சேர்ந்துக்கிறேன்.”

பாயில் கிடந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

“வாயைக் கழுவு!” என்றாள் மனைவி. “ஆபீசரைப் பெத்தவங்களுக்குப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில ராஜ வைத்தியமாம். மீசைக்காரர் சொன்னார். நீ போனாத்தாண்டா உங்கப்பா முதுகு நிமிரும். இந்த மனுஷனுக்காகவாவது போய்த் தொலை!”

“அம்மா...”

“பேசாதே. எங்கேங்க வலிக்குது, இங்கேயா?”

சொல்லிக்கொண்டே இடுப்புக்கு மேலே குத்தினாள். அவள் முழங்கை இறங்கிய இடத்தில் நிஜமாகவே பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை கிடங்கு ஆட்கள் ஒன்பது பேரும் பார்க்க வந்தார்கள். வெறுங்கையோடு வரவில்லை. முன்னால் இரண்டு பேர் ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். கறுப்புச் சாயம் அடித்து, மூடிமேல் வெள்ளையில் மகன் பெயர் எழுதி, பெயருக்கு முன்னால் ‘ஆபீசர்’ என்று போட்டிருந்தார்கள்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை கிடங்கு வாசல்ல வழியனுப்பு விழா. பந்தலுக்குச் சொல்லியாச்சு” என்றார் எடை போடுகிறவர்.

“எங்கேய்யா வழியனுப்பப் போறீங்க? இன்னும் கடுதாசியே வரலையே!”

“வர்றப்ப வரட்டும். விழா எங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் தோதுப்படும்.”

போகும்போது வரிசையாக நின்று மகனுக்குச் சல்யூட் அடித்தார்கள். அவனும் அடித்தான். அவர்கள் போனபிறகு பெட்டியின் மேலே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெட்டி நல்லாயிருக்காடா?” என்றார் அவர் பாயிலிருந்தே.

“கனமா இருக்குப்பா.”

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் தீர்மானித்துவிட்டார். நாளை ஐந்து மணிக்குள் உண்மையைக் கொடுத்தே ஆக வேண்டும். அழுதால் அழட்டும். அழுதுகொண்டே போய் லிஃப்டு வேலையில் சேரட்டும்.

சனிக்கிழமை காலை மெல்ல எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, துவைக்கவே கொடுக்காத பனியனைக் கழற்றினார். உள்ளே தைத்து வைத்திருந்த பையிலிருந்து கடிதத்தை உருவினார். முழுதாகத்தான் வந்தது. ஆனால் பிரியவில்லை. பத்து நாள் வியர்வையும் சிமெண்டுத் தூளும் சேர்ந்து, கடிதம் ஒரு சின்ன ஓட்டுத்துண்டாக இறுகிப்போயிருந்தது. சுவரில் தட்டிப் பார்த்தார். சுவர்தான் கொஞ்சம் உதிர்ந்தது.

தபால்காரர் இன்றைக்குத்தான் கொடுத்த கடிதம் இது என்று இந்த ஓட்டை எப்படிக் காட்டுவது? காட்டினாலும் யார் படிப்பது?

ஆனால் அதிலிருந்த ஒவ்வொரு எழுத்தும் அவர் மண்டைக்குள் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தவனுக்கு மறக்காது. அதே கடிதத்தை, அதே வார்த்தையில், இன்றைய தேதி போட்டு மறுபடி அடித்து வாங்கிவிட்டால் போதும். இது பொய்யாகாது. உள்ளே இருப்பது உண்மைதானே. தாள்தான் புதுசு.

ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு தெரு நடந்தார். நீதிமன்றத்துக்குப் பின்னால் வரிசையாக டைப் அடிக்கும் கடைகள். கடைசிக் கடையில் கூட்டம் இல்லை. கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு கடுதாசி அடிக்கணும்மா. அரசாங்கத்துலேருந்து வந்த மாதிரி இருக்கணும்.”

“எந்த ஆபீசுங்க?” அவள் நிமிரவில்லை.

“ராணுவ அகாடமி.”

இப்போது நிமிர்ந்தாள். கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தாள்.

“யாருக்கு?”

“தெரிஞ்ச பையன் ஒருத்தன்” என்று சொல்லி, பெயரையும் விலாசத்தையும் சொன்னார்.

“சேர்த்துக்கிட்டோம்னா, சேர்த்துக்கலைன்னா?”

“சேர்த்துக்கலைன்னு.”

அவள் இரண்டு தடவை எதையோ தட்டினாள். “சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் தேர்வு பெறவில்லை என்பதை...” மகன் இதைப் படிக்கும்போது முகம் எப்படிப் போகும் என்று நினைத்தார். சமாளித்துக்கொண்டு, “வருத்தத்துடன்” என்றார். “மனம் தளர வேண்டாம்...”

விசைகளைத் தட்டும் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அடிக்கலையாம்மா?”

“ஆச்சுங்க. பாருங்க.”

அவர் திரைக்குக் கிட்டே போய் எழுத்துக் கூட்டினார். தொழில்நுட்பத் துறை இருந்தது. நல்ல எதிர்காலம் இருந்தது. அவர் இன்னும் வாய் திறக்காத கடைசி வரியில் பெருந்தன்மையும் இருந்தது.

அவள் தேதியை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

“ஏங்க, ரெண்டு வாரம் முன்னாடி அந்தத் தம்பியே வந்து அடிச்சு வாங்கிட்டுப் போனாரே, அதை அவங்கப்பா நம்பலையா?”