லேசா ஒரு தட்டு

மனிதர்களில் 'லேசா ஆசாமி' என்று ஒரு ரகம் உண்டு. முரடர் இல்லை, கோபக்காரர் இல்லை. சொல்லப்போனால் நல்ல மனுஷன் என்று தெருவிலேயே பெயர் வாங்கியவராகத்தான் இருப்பார். ஆனால் எதையும் சும்மா விடமாட்டார். சொட்டுகிற குழாயை லேசாத் திருகுவார், ஆடுகிற நாற்காலியை லேசாத் தட்டுவார், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கடிகாரத்தின் முதுகை லேசாத் திறந்து பார்ப்பார். குழாய் கையோடு வந்துவிடும். நாற்காலிக்கு மூன்று கால் மிஞ்சும். கடிகாரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். என்னய்யா இது என்று கேட்டால், "நான் லேசாத்தானே..." என்பார். அந்த வாக்கியத்தை எந்த லேசா ஆசாமியும் இதுவரை முடித்ததில்லை.

இவர்களைத் தேடிக்கொண்டு நீங்கள் எங்கும் போக வேண்டாம். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். என் அக்காவின் கணவர்.

அக்காவிடம் ஒரு கயாக் இருக்கிறது. ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற, ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் படகு. தோள்பட்டை பிசகி வருஷம் முழுக்கத் துடுப்பைத் தொடாமல் இருந்தவள், அந்த ஞாயிற்றுக்கிழமைதான் படகுக் குழுவோடு ஆற்றில் முகத்துவாரம் வரை போவதாகப் பெயர் கொடுத்திருந்தாள். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் தினமும் ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்துத் தோளைப் பழக்கினாள். அந்த வாரம் ஒத்திகை பார்க்க ஏரிக்குப் போனார்கள். படகைக் காரின் கூரைமேல் ஏற்றிக் கட்டியது அத்தான். கட்டிய நாடா இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் போகிற போக்கில் லேசா இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால், படகின் அடிவயிற்றில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஒடுக்கு.

அக்கா பதறவில்லை. படகு வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. அந்த பிளாஸ்டிக்குக்குத் தன் பழைய உருவம் மறக்காது. கவிழ்த்து வெயிலில் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்த்தால் போதும். மாடியில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

"தானா வந்துரும். யாரும் கை வைக்காதீங்க," என்று பொதுவாகச் சொன்னாள். வீட்டில் இருந்தது அத்தானும் நானும்தான். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

லேசா ஆசாமிக்கு ஆகாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'தானா'. ஒடுக்கு என்று ஒன்று விழுந்தால் அதை எடுக்க வேண்டும், யாராவது எடுக்க வேண்டும், அந்த யாராவது தானாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் கட்சி. எல்லாம் தானா நடக்குமென்றால் அப்புறம் இவர் எதற்கு? அதனால் டீ டம்ளரோடு மாடி ஏறினார். இந்தப் பக்கம் குனிந்து பார்த்தார், அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னங்க, கையை எடுங்க," என்று பின்னாலேயே அக்காவின் குரல் வந்தது.

"தொடலம்மா. லேசாப் பார்த்தேன்."

"கட்டைவிரலாலயா பார்ப்பீங்க?"

மறுநாள் அக்கா வேலைக்குப் போனாள். நல்ல வெயில். ஒடுக்கு மெல்ல எழும்பத் தொடங்கியிருந்தது. அங்கேதான் வினை. வருகிறதே என்று விடுகிறவன் சாதாரண மனிதன். வருகிறதே, இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரவைக்கலாமே என்று நினைக்கிறவன்தான் லேசா ஆசாமி. வெந்நீர் கொதிக்கவைத்து லேசா ஊற்றினார். அக்காவின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து லேசாக் காட்டினார். பிளாஸ்டிக் தொளதொளவென்று ஆனதும், உட்காரும் குழி வழியாகக் காரின் ஜாக்கியை உள்ளே நுழைத்து, மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்து, லேசா ஒரு சுற்றுச் சுற்றினார். டொப். பள்ளம் போய்விட்டது. மேடு வந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. லேசா ஆசாமிகள் தனித்தனியாக வாழ்வதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"சார், மேல ஏறி லேசா ஒரு மிதி மிதிங்க. சமமாயிடும்."

மிதித்தார்.

அக்கா வந்து பார்த்தபோது நானும் கூட இருந்தேன்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்லம்மா. முன்னாடி பெருசா ஒண்ணு இருந்துச்சு. இப்ப பாரு, சின்னச் சின்னதா ரெண்டுதான்."

ஞாயிற்றுக்கிழமை எப்படியும் போயே தீருவது என்று அக்கா படகை ஆற்றில் இறக்கினாள். இவள் நேரே துடுப்புப் போட்டால் அது இடது பக்கம் போனது. வலது பக்கம் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி இடது பக்கமே போனது. குழுவை நடத்துகிற அம்மா தன் படகை ஒட்டி வந்து நிறுத்தினார். "முகத்துவாரத்துல அலை இருக்கும். இந்தப் படகை நம்பி உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாது. கோவிச்சுக்காதம்மா," என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வளைவில் திரும்பி மறைந்தன. அக்கா முழங்கால் தண்ணீரில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அத்தான் மெதுவாகப் பக்கத்தில் போனார். "நான் லேசாத்தானே..."

"சொல்லுங்க," என்றாள் அக்கா. "இன்னைக்கு முழுசாச் சொல்லி முடிங்க."

அவர் படகைப் பார்த்தார், அவள் தோளைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார். முடிக்கவில்லை. திரும்பிப் போகும்போது படகைக் கட்டியது அக்கா. அவர் முன் சீட்டில் இரண்டு கையையும் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு படகு மாடிக்குப் போனது, மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது, சாவி அக்காவின் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. வெயில் தன் பாட்டுக்கு அடித்தது. யாரும் தட்டவில்லை, யாரும் மிதிக்கவில்லை, யாரும் பார்க்கக்கூட இல்லை. அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுத்த கையோடு அக்கா கதவைத் திறந்தாள். இரண்டு ஒடுக்கும் காணோம். ஜாக்கி முட்டிய இடத்தில் மட்டும் வெளுப்பாக ஒரு சின்னச் சுருக்கம். அத்தான் என்னோடு வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா மச்சான்! அன்னைக்கு லேசாத் தட்டி வெச்சேன்ல? அது இப்பதான் வேலை செய்யுது."

அக்கா கதவைப் பூட்டினாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜாக்கி வந்த இடத்தில், 'அடியில் ஒரு பலகையைக் கொடுத்திருந்தால் சரியாக வந்திருக்குமே' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? வெளுத்த சுருக்கம் என்றதும் கட்டைவிரல் லேசாத் துடித்ததா, இல்லையா? அப்படியானால் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். டீ சாப்பிடலாம், பேசிக்கொண்டிருக்கலாம். மாடிக்குப் போகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். லேசாப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் அத்தானும் போனார்.