புல்வெட்டும் வண்டிக்குக் கயிறு கட்டிய கதை

பிசிக்ஸ் டீச்சராக இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. வீட்டில் எது மக்கர் செய்தாலும், அதற்கான பாடத்தை நாம் ஏற்கெனவே நடத்தியிருப்போம். (நடத்துவது வேறு, நடப்பது வேறு என்பது பிறகுதான் தெரியும்.)

என் கணவர் ஜோசப் கப்பலில் இன்ஜினியர். இன்ஜின் ரூமில் விழுந்து, காலில் தகடு வைத்து, கைத்தடியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். தருவைகுளம் போகும் வழியில் எங்களுக்கு ஒரு புல்வெளி உண்டு. சின்ன விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுவோம். அதற்காக, உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்றைப் பழசாக வாங்கினார். அதில் ஏறிவிட்டால் ஆளே மாறிவிடுவார். கைத்தடி புல்வெளி ஓரத்து ஷெட்டிலேயே கிடக்கும்.

மழை பெய்த ஒரு வாரம், மேட்டில் ஏறும்போது பின்சக்கரங்கள் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றின. எவ்வளவோ முயன்று பார்த்தார்.

"விடுளா. அதுவும் என்னை மாதிரி ஆயிட்டு" என்று ஷெட்டைச் சாத்தினார்.

அந்தச் சொல் எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் புல்வெளியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புதுநன்மை விருந்து. (சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் நாள்.) சனிக்கிழமை காலை அவர் பிசியோதெரபிக்குப் போனதும் நான் ஷெட்டுக்குள் நுழைந்தேன்.

பின் டயர்களில் பாதிக் காற்றை இறக்கினேன். (மண்ணோடு படியுமாம்.) படகுக் கயிற்றை டயர் முழுக்கச் சுற்றி முடிச்சுப் போட்டேன். (உராய்வு.) மீதிப் பந்தல் கால்களை நட வைத்திருந்த, கான்கிரீட் நிரப்பிய வாளிகளைத் தூக்கி வண்டியின் பின்னால் கட்டினேன். (எடை கூடினால் பிடிப்பு கூடும், இரண்டு மதிப்பெண் கேள்வி.)

ஓட்டினேன். பிடிப்பு வந்தது. புல்லை வேரோடு எடுக்கும் அளவுக்கு வந்தது. போன வழியெல்லாம் உழுத வயல். மேட்டில் ஏறியதும் பின்பாரம் இழுத்து முன்சக்கரங்கள் மேலே கிளம்பின. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தும் பலனில்லை. திரும்ப வேண்டிய சக்கரங்கள் ஆகாயத்தில் இருந்தன. பதற்றத்தில் பிரேக் என்று ஆக்சிலரேட்டரை மிதித்தேன். விருந்துக்காகப் பாதி போட்டிருந்த பந்தலில் வண்டி மோதி, கால் சாய்ந்து, துணி என் தலையில் விழுந்தது. நல்லவேளை, கயிறு அவிழ்ந்து அச்சில் சிக்கி வண்டி நின்றது.

துணிக்கு வெளியே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம்.

"ஏளா ஜெசி, இன்ஜின அணை. அடி கிடி பட்டிச்சா?"

"இல்ல."

துணியை விலக்கினார். வாளிகளைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், வயலைப் பார்த்தார்.

"முடிச்சு யாரு போட்டா?"

"நாந்தான்."

"நல்ல முடிச்சு. கப்பலயே கட்டலாம்."

நான் அழுதேன். அவர் கைத்தடியைப் போட்டுவிட்டுச் சேற்றில் உட்கார்ந்து, கத்தியால் கயிற்றை அறுக்க ஆரம்பித்தார். வெகுநேரம் ஆனது. முடிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. விபத்துக்குப் பிறகு யார் தாங்க வந்தாலும் எரிந்து விழுகிற மனிதர் அவர். நான் தள்ளியே நின்றேன்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்க? கையக் குடுளா" என்றார்.

மறுநாள் விருந்துக்கு வந்த பிள்ளைகள் கேக்கை மறந்து என் உழவுச்சாலில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். அன்றிலிருந்து எனக்கு 'டிராக்டர் டீச்சர்' என்று பெயர். வீட்டுக்கு யார் வந்தாலும் கதையை அவர்தான் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் முன்சக்கரம் இன்னும் கொஞ்சம் உயரத்துக்குப் போகும். இப்போது தென்னை மர உயரத்தில் நிற்கிறது. கை கேட்ட இடத்தை மட்டும் சொல்லமாட்டார். அந்த இடம் வரும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் காபி போட எழுந்துபோவேன்.