ஏரியில் எண்ணிப் போட்ட வலைக்குண்டுகள்

படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பொதுவாக ஒரு வியாதி இருக்கும்: யாரும் கேட்காத உதவியைச் செய்தே தீருவார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்துப் பால்வாடிக்கு என்னை டீச்சராகப் போட்டிருந்தார்கள். திருவள்ளூர்க்காரியான எனக்கு மீன் என்றால் குழம்பில் கிடப்பதுதான். மே மாத விடுமுறையில் ஊருக்குப் போய் மாம்பழம் தின்றிருக்கலாம். (தின்றிருந்தால் ஒரு குடும்பம் தப்பித்திருக்கும்.) ஆனால் ஜூனுக்குள் பிள்ளைகள் கற்றதையெல்லாம் மறந்துவிடுவார்களே என்று பதறிப்போய், விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கிறேன் என்று அங்கேயே தங்கிவிட்டேன்.

முதல் நாள் களிமண்ணில் உருண்டை பிடித்து, நடுவில் குச்சியால் ஓட்டை போட்டுக் காயவைத்தோம். பாதி உருண்டைகள் சப்பையாக இருந்தன. வீட்டில் இன்னும் நன்றாகச் செய்து எடுத்து வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் நாலு வயது ஏழுமலை ஒரு கூடையை இழுத்துக்கொண்டு வந்தான். உள்ளே செக்கச்செவேலென்று உருண்டைகள். எல்லாம் ஒரே அளவு, ஓட்டைகூட நட்டநடுவில். அவன் அம்மா உதவியிருப்பார் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தேன். அந்த உற்சாகத்தில் ஒரு விளையாட்டும் உதித்தது. கரையில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு உருண்டையாக எண்ணிக்கொண்டே தண்ணீரில் எறிய வேண்டும். தொப், ஒண்ணு. தொப், ரெண்டு. பத்தில் நின்றுவிடும் பிள்ளைகள் அன்று இருபதைத் தாண்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூடை காலியானபோது ஏழுமலையின் அப்பா தேசப்பன் வந்தார்.

"இன்னா டீச்சர், கூட காலியா கீது? இதுல இருந்த குண்டெல்லாம் எங்க?"

"நைனா, எல்லாத்தையும் எண்ணி ஏரில போட்டுட்டோம்!" என்றான் ஏழுமலை.

"ரொம்ப அழகா எண்ணினாங்க" என்றேன் நான். (இந்த வாயை என்ன செய்வது!)

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அவை வலையின் அடிக்கயிற்றில் கட்டுகிற சுட்ட மண் குண்டுகள். புது வலைக்காக எடுத்து வைத்திருந்தாராம்.

"நாளைக்கி எங்க பாடு டீச்சர். இன்னாத்தக் கட்டி வலய எறக்கறது?"

திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாடு என்றால் முறை. மீன் கிடைக்கும் இடங்களில் குடும்பங்கள் முறைவைத்துத்தான் வலை போடுவார்கள். தவறினால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும்.

நானே எடுத்துத் தருகிறேன் என்று புடவையோடு ஏரியில் இறங்கினேன். இடுப்பு வரை சேற்றில் புதைந்துவிட்டேன். குண்டு தேட வந்தவர்கள் முதலில் என்னைப் பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று. கிடைத்த குண்டுகள் ஒரு கைக்குள் அடங்கிவிட்டன.

விடியற்காலையில் தேசப்பன் செங்கல் துண்டுகளைக் கட்டி வலையை இறக்கினார். துண்டுகள் நழுவி விழ, வலை மிதந்தது. இறாலெல்லாம் அடியில் போய்விட்டது. வெறும் கையோடு திரும்பினார். அவர் மனைவி குப்பம்மா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. ஏழுமலை மட்டும் வெறும் வயிற்றோடு பால்வாடி வாசலில் வந்து நின்றான்.

"இன்னிக்கி இன்னா எண்ணலாம் டீச்சர்?"

என் கஞ்சியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, திரும்பி நின்று அழுதேன்.

அந்தக் கதை குப்பத்தில் இன்றும் ஓடுகிறது. ஏழுமலையே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டான். ஆனாலும் நான் அந்தப் பக்கம் போனால், "டீச்சரு வராங்க, குண்டெல்லாம் எடுத்து உள்ள வைங்க!" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். போன தடவையும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். இடுப்பு வளைந்துபோன குப்பம்மா, யார் முகத்தையும் பார்க்காமல், குண்டுக் கூடையை உள்ளே எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்.