படத்தில் பேசியது என் குரல் அல்ல

கிளாத்தென்,
வியாழக்கிழமை.

அன்புள்ள தங்கை மகன் பிரசோஜோவுக்கு, விக்னியோ மாமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே கோழிகள், கத்தரிச்செடி, என் சர்க்கரை எல்லாம் சுகம். உன் அத்தை பைனா சுகமா என்று தெரியவில்லை; ஐந்து நாளாக என்னோடு பேச்சில்லை.

உங்கள் ஜகார்த்தா படக்காப்பகத்தில் கண்டெடுத்தோம் என்று, ஜாவாக் கல்யாணச் சடங்குகளைக் காட்டும் அந்தப் பழைய படத்தைச் சனிக்கிழமை நம் ஊர்ச் சாவடியில் போட்டாயே, அதனால் வந்தது. அதில் நான் மாப்பிள்ளையாக நடித்ததை அத்தையிடம் சொன்னதே இல்லை. நாற்பத்தைந்து வருடத்தில் மக்கிப்போயிருக்கும் என்றிருந்தேன். சடங்குப்படி முட்டையை மிதித்தேன், பெண்ணாக நடித்த வர்சித்தி என் காலைக் கழுவினாள், அதற்கெல்லாம் அத்தை சும்மாதான் இருந்தாள். நிக்காஹ்வில் பெண்ணின் அப்பா கையைப் பிடித்து "ஏற்றுக்கொண்டேன்" என்று ஒரே மூச்சில் மணிமணியாகச் சொன்னேன் பார், அங்கேதான் வந்தது வினை. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிச்சா.

"நம்ம கல்யாணத்துல மூணு தடவ திக்கினீங்க. எங்கப்பாவுக்குக் கையே வேர்த்துப் போச்சு. அவளுக்கு மட்டும் தண்ணியா வருதோ?"

"அது நடிப்பு புள்ள."

"அப்ப எனக்குத் திக்கினதுதான் நெசமா?"

அன்னைலேருந்து காப்பி கிடையாது, சுடுதண்ணிதான். உள்ளதச் சொல்றேன், நாலு பேர் முன்னால என் நாக்கு எழும்பாது. அந்தப் படத்துலயும் பதினோரு தடவ திக்கினேன். டைரக்டர் கும்பிடு போட்டு, "நீங்க வாய மட்டும் அசைங்க"ன்னுட்டு, ஜகார்த்தாவுல வேற யாரையோ பேச வச்சுட்டாரு. சொன்னா உங்க அத்தை நம்பல.

ஆகவே, அந்தக் குரல் என்னுடையது அல்ல என்று காப்பகத் தாளில் ஒரு சான்றிதழ் அனுப்பு. முத்திரை பெரிதாக இருக்கட்டும். முத்திரையில்லாத எதையும் உன் அத்தை நம்பியதில்லை. உனக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் திக்காத நாக்கும் தருவானாக.

இப்படிக்கு,
விக்னியோ மாமா

பி.கு.: உறையை ஒட்டும்போது அத்தை சந்தையிலிருந்து வந்து காப்பி வைத்தாள். சர்க்கரைகூடப் போட்டிருந்தாள். "சந்தை முழுக்க அந்தக் குரலப் பத்தித்தான் பேச்சு. எம்புருஷன் குரலாக்கும்னு சொன்னேன். வர்சித்தி பேரன் கல்யாணத்துல துவா ஓத உங்களத்தான் கூப்பிடறாங்க. சரின்னுட்டேன்" என்றாள். சான்றிதழ் வேண்டாம். யார் கேட்டாலும் அது என் குரல்தான். எனக்கு இன்று முதல் தொண்டை கட்டியிருக்கிறது. மவுத்தாகும் வரை கட்டியிருக்கும்.