கொலாச்சி வழக்கு

"இது நொறுக்குத் தீனியா, சாப்பாடா? ஒரே வார்த்தையில சொல்லுங்க மேடம்."

டோலன் கல்லூரிச் சமையற்கூடத்தில், அடுப்புக்கும் பாத்திரத் தொட்டிக்கும் நடுவே நின்றுகொண்டு கேட்டார் கோர்டன் ப்ரூயிட். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு கொலாச்சி.

பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம், கொலை ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஓர் இனிப்பு ரொட்டி, நடுவில் குழி, குழியில் ஆப்ரிகாட் ஜாம். அவ்வளவுதான். நெப்ராஸ்காவில் செக் வம்சத்தார் வாழ்கிற ஊர்களில் கல்யாணமானாலும் சாவானாலும் இது இல்லாமல் பந்தி கிடையாது.

"ஒரே வார்த்தைன்னா, கொலாச்சி" என்றாள் ஆர்லீன் வாவ்ரா. அந்தச் சமையற்கூடத்தில் இருபத்தாறு வருடமாக அவள் வைத்ததுதான் உப்பு.

ப்ரூயிட் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. விளையாட்டு வீரர்களுக்கு விதிக்கு மேல் ஒரு துரும்பும் கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் கல்லூரி அவரை வேலைக்கு வைத்திருந்தது. வயது முப்பத்திரண்டு, அக்குளில் எப்போதும் விதிப்புத்தகம்.

"மேடம், சாயங்காலத்துல வீரர்களுக்கு ரொட்டி குடுக்கலாம், பழம் குடுக்கலாம், வேர்க்கடலை குடுக்கலாம். அது நொறுக்குத் தீனி. ஆனா ரொட்டி மேல எதையாவது தடவினீங்கன்னா அது சாப்பாடு. கணக்குல வராத சாப்பாடு முறையற்ற சலுகை. செவ்வாய்க்கிழமை டுவேன் குசெரா இதைச் சாப்பிட்டிருக்கான். சனிக்கிழமை மேட்ச்சுல அவன் இறங்க முடியாது. சஸ்பெண்ட்."

ஆர்லீன் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள்ளேயே விழுந்தது.

டுவேன் நான்கு வருடமாகக் கல்லூரி ஃபுட்பால் அணியில், அதாவது ஆளோடு ஆள் முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பாலில், இருக்கிறான். இருக்கிறான் என்றால் பெஞ்சில் இருக்கிறான். மற்றவர்கள் சேறும் சகதியுமாக வெளியே வரும்போது இவன் சட்டை மட்டும் சலவைக்குப் போட வேண்டாதபடி இருக்கும். போன வாரம் முன்வரிசைக்காரன் ஒருவனுக்கு முழங்கால் பிசகியது. வரும் சனிக்கிழமை, படிப்பு முடியப்போகிற வருடத்தின் கடைசி மேட்ச்சில், டுவேன் முதன்முதலாகக் களத்தில் நிற்கப்போகிறான். தானிய லாரி ஓட்டுகிற அவன் அப்பா அதற்காக லீவு போட்டுவிட்டு வருகிறார்.

"யாரு புகார் குடுத்தது?"

"பேர் போடலை. காலேஜ் பத்திரிகையில அவன் வாயெல்லாம் ஜாமோட சிரிக்கிற போட்டோ வந்துச்சே, அதை வெட்டி அனுப்பியிருக்காங்க. தபால் முத்திரை பிளாட்ரிட்ஜ்."

சனிக்கிழமை டோலனோடு மோத வருகிற அணி பிளாட்ரிட்ஜ்.

"ஓஹோ" என்றாள் ஆர்லீன். "தம்பி, இங்க பாருங்க. தடவுறது வேற, வேகுறது வேற. இந்த ஜாமை நான் தடவலை. மாவுல குழி பறிச்சு, உள்ள வெச்சு, அதோட சேர்த்து அடுப்புல வேக வைக்கிறேன். உங்க காலேஜ் விளையாட்டுச் சங்கத்துக்குப் போன் போட்டு இதைச் சொல்லுங்க."

ப்ரூயிட் போட்டார். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபடி காதில் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்கூட இருந்தது. அடிப்படையில் அவர் கெட்டவர் இல்லை.

"ரொட்டியோட சேர்ந்து வெந்திருந்தா ஜாமும் ரொட்டிதானாம்!"

"நான் சொல்லலை?"

"சொன்னீங்க. ஆனா மேல வெள்ளையா என்னமோ இருக்கே, அது என்ன?"

"சர்க்கரை."

"அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடி போட்டதா, பின்னாடியா?"

"பின்னாடிதான். முன்னாடி போட்டா கருகிடாதா?"

ப்ரூயிட் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. "பின்னாடின்னா அது மேற்பூச்சு, மேடம். மேற்பூச்சு வந்தா சாப்பாடு."

ஆர்லீனுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "என்னய்யா இது அநியாயம்? அந்த மேஜையில உக்காந்து அஞ்சு பேருந்தான் தின்னானுங்க! அந்த ஒத்தப் புள்ளையை மட்டும் எதுக்குப் புடிச்சு ஆட்டுறீங்க?"

ப்ரூயிட் மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எந்த அஞ்சு பேர்?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன? அடுத்த கால் மணி நேரத்தில் டோலன் அணியின் முன்வரிசை ஐந்து பேரும் சஸ்பெண்ட். பயிற்சியாளர் தன் காருக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கத்தினார்.

"ஒரு வழி இருக்கு" என்றார் ப்ரூயிட், போகிறபோது. "மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லுங்க. பணிவா எழுதினா சங்கம் மனசு இறங்கினாலும் இறங்கும்."

ஆர்லீன் டுவேனைக் கூப்பிட்டனுப்பினாள். ஆறேகால் அடி உயரம், நூற்று முப்பது கிலோ. வாசல் நிலையில் இடிக்காமலிருக்கப் பக்கவாட்டில் நுழைந்தான்.

"எழுதுடா கண்ணு. 'தெரியாம சாப்பிட்டுட்டேன்'னு."

"தெரிஞ்சுதான சாப்பிட்டேன்."

"சரி, 'இனிமே சாப்பிட மாட்டேன்'னு எழுது."

"நீங்க செய்யறதை நிறுத்தப் போறீங்களா?"

"நான் எதுக்குடா நிறுத்தணும்?"

"அப்ப நான் மட்டும் எதுக்கு நிறுத்தணும், ஆர்லீன்மா?"

அவனே ஒரு காகிதத்தை எடுத்து மாவு மேஜையில் வைத்து எழுதினான். எழுதியது இது:

'மதிப்பிற்குரிய சங்கத்தாருக்கு, நான் கொலாச்சி சாப்பிட்டது உண்மை. ஒன்று அல்ல, ஏழு. எங்கள் பயிற்சியாளருக்குக் கல்லூரி வீடு கொடுத்திருக்கிறது, கார் கொடுத்திருக்கிறது. நாங்கள் முட்டிமோதுவதைப் பார்க்க ஊரே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறது. எனக்கு ஆர்லீன் அம்மா ரொட்டி கொடுத்தார். இதில் முறையற்ற சலுகை எது என்று எனக்கு விளங்கவில்லை. மன்னிப்புதான் வேண்டுமென்றால், எட்டாவதை மிச்சம் வைத்துவிட்டு எழுந்ததற்காக மன்னிப்புக் கேட்கிறேன். இப்படிக்கு, டுவேன் குசெரா.'

ஆர்லீன் அதை இரண்டு முறை படித்தாள். முன்றானை இல்லாத குறைக்கு அடுப்புத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு எழுத்துகூட மாத்தாத, அப்படியே குடு" என்றாள். எனக்கும் அந்தக் கடிதத்தில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

ப்ரூயிட்டுக்குத் தெரிந்தது. "ஏழா!" என்றார். "நான் ஒண்ணுன்னுல்ல எழுதியிருக்கேன்!"

தண்டனை ஒரு மேட்ச்சிலிருந்து ஏழு மேட்ச்சாக உயர்ந்தது. டுவேனுக்கு மிச்சமிருந்ததோ ஒரே ஒரு மேட்ச்.

அன்று மாலை ப்ரூயிட்டின் மேஜையிலிருந்த விதிப்புத்தகம் காணாமல் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை அது திரும்பி வந்தபோது, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மாவு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த விதி: எல்லா மாணவர்களுக்கும் கிடைக்கும் எதுவும் சலுகை ஆகாது.

ஆர்லீன் மாவு மூட்டைகளைப் பிரித்தாள். ஆப்ரிகாட், உலர்ந்த பிளம்ஸ், கசகசா என்று தட்டுத் தட்டாக அடுப்புக்குள் போய் வெளியே வந்தது. பதினோரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்து வைத்தாள். வாசனை மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. வரலாற்றுப் பேராசிரியர்கள் வந்தார்கள். டிரம்போன் ஊதுகிறவர்கள் வந்தார்கள். வாலிபால் பெண்கள், ஈரத் தலையோடு நீச்சல்காரர்கள், ஈட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஒருத்தி, மிச்சமிருந்த ஃபுட்பால் அணி முழுவதும். ஒவ்வொன்றின் மேலும் ஆர்லீன் சர்க்கரையை அள்ளி அள்ளித் தூவினாள், வேண்டுமென்றே.

ப்ரூயிட் ஓடி வந்தார்.

"என்ன பண்றீங்க மேடம்?"

"எல்லாருக்கும் குடுக்கறேன். இப்ப எப்படி அது சலுகையாகும்? உங்க புத்தகத்துலயே இருக்கு, படிச்சேன்."

"அதுக்கு அடுத்த பக்கத்தைப் படிச்சீங்களா?"

"ஏன்?"

"மூணு நாள் முன்னாடி நோட்டீஸ் ஒட்டணும். ஒட்டினீங்களா?"

"ஒட்டலை. ஒட்டலைன்னா என்னாகும்?"

ப்ரூயிட் கூடத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். வாய் நிறைய ரொட்டியோடு நின்ற இருநூறு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர் பேனாவைத் திறந்தார். மூன்று மணிக்குள், டோலன் கல்லூரியில் ஓடவோ தாண்டவோ எறியவோ தெரிந்த அத்தனை பேரும் சஸ்பெண்ட். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒரு கோல்ஃப் ஆட்டக்காரன் மட்டும் தப்பினான்.

எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோய், ப்ரூயிட் சமையற்கூடத்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். கறுப்புக் கால்சட்டை வெள்ளையானதைக்கூடக் கவனிக்கவில்லை.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க! நாளைக்கு நம்ம பக்கம் இறங்க ஆளே கிடையாது. ஆள் இல்லாத டீம் தோத்ததா கணக்கு. பிளாட்ரிட்ஜ்காரன் வேர்வை சிந்தாமலே ஜெயிச்சுட்டுப் போகப் போறான்."

"சங்கத்துல பேசிப் பாருங்க."

"என்னன்னு பேச? சட்டத்தை நான் எழுதலை. டோலனுக்குன்னு தனிச் சட்டமும் கிடையாது. நாட்டுல எந்தக் காலேஜ் வீரனா இருந்தாலும், யார் கையால வாங்கித் தின்னாலும் இதேதான்."

டுவேன் தொட்டியருகே நின்று அவளுக்காகத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் கைக்குள் அவை சாஸர் மாதிரி தெரிந்தன.

"விடுங்க ஆர்லீன்மா" என்றான். "அப்பா காலையிலேயே கிளம்பிட்டாரு. வந்தா ரெண்டு பேருமா உக்காந்து எட்டாவதைத் தின்னுட்டுப் போறோம். தலை குனிஞ்சு ஒண்ணும் போகலையே."

சொல்லிவிட்டு, கழுவின தட்டையே மறுபடியும் கழுவினான். ப்ரூயிட் தலையைக் குனிந்துகொண்டார். ஆர்லீன் மட்டும் எதுவும் நடக்காதது போல அடுத்த தட்டுக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கொஞ்சம்கூட வருத்தமே இல்லையா மேடம்?" ப்ரூயிட்டுக்கு எரிச்சலாக வந்தது. "இந்த நிலைமையிலயும் யாருக்கு உருட்டறீங்க?"

"பத்தாம போச்சுன்னா?" என்றாள் ஆர்லீன்.

அப்போது பின்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, மார்பு உயரத்துக்குக் காலித் தட்டுகளை அடுக்கிப் பிடித்தபடி, தொப்பி வைத்த ஓர் ஆள் உள்ளே வந்தார்.

"ஆர்லீன்மா நீங்கதானே? நான் பிளாட்ரிட்ஜ் டீம் பஸ்ஸு டிரைவர். வந்து இறங்கினதும் நீங்க குடுத்தனுப்பினதை நாப்பத்தாறு பசங்களும் ஒண்ணு விடாம தின்னுட்டாங்க, எங்க கோச்சே நின்னு பரிமாறினாரு, இன்னும் இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."